கவனக்குறைவோடு பதற்றமும் சேர்ந்தால்: மெத்தில்ஃபெனிடேட்டா, அட்டோமாக்ஸெட்டினா?

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் இரண்டு மருந்துகள்தான் மெத்தில்ஃபெனிடேட்டும் அட்டோமாக்ஸெட்டினும். ஏடிஎச்டி உள்ளவருக்குப் பதற்றமும் இருந்தால், இவற்றில் ஒன்றைத் தேர்வதற்கு முதலில் பார்க்க வேண்டியது பதற்றத்துக்கு ஏற்கெனவே எந்த மாத்திரை போகிறது என்பதைத்தான்.

மெத்தில்ஃபெனிடேட் வேகமானது. சாதாரண மாத்திரை அரை மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும். மூன்று நான்கு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். காலை 8 மணிக்குப் போட்டால் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது தீர்ந்திருக்கும். அதனால் பிள்ளைகளுக்கு 5 மி.கி. இரண்டு வேளை என்று தொடங்கி, வாரந்தோறும் 5 முதல் 10 மி.கி. ஏற்றுவார்கள், நாளொன்றுக்கு 60 மி.கி.தான் உச்சவரம்பு. பசி மந்தப்படும், தூக்கம் தள்ளிப்போகும், நாடித்துடிப்பு கூடும். அந்தப் படபடப்பே பதற்றக்காரரை மிரட்டிவிடும். மருந்தின் வேகம் இறங்கும் நேரத்து எரிச்சலையும் அழுகையையும் பதற்றம் முற்றியதாகவே பெற்றோர் நினைத்துவிடுவார்கள். மாத்திரை போட்ட நேரத்தையும் அழுகை தொடங்கிய நேரத்தையும் ஒரு வாரம் எழுதி வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

அட்டோமாக்ஸெட்டின் நிதானமானது, பதற்றத்தைக் கிளறும் வாய்ப்பும் குறைவு. 50 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு, கிலோவுக்கு 0.5 மி.கி. கணக்கில் 25 மி.கி.யில் தொடங்கி, குறைந்தது மூன்று நாள் கழித்து 60 மி.கி.க்கு ஏற்றலாம். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்திலேயே "கேட்கவில்லை" என்று நிறுத்துவதுதான் இந்த மருந்துக்கு நேரும் பெரிய அநியாயம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். கேப்சூலைப் பிரித்துக் கலக்கக் கூடாது. உள்ளிருக்கும் தூள் கண்ணில் பட்டால் எரியும்.

சிக்கல் இங்கேதான். பதற்றத்துக்குத் தரும் ஃப்ளூவாக்ஸெட்டினும் பராக்ஸெட்டினும் அட்டோமாக்ஸெட்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடக்கிவிடும். அப்போது வழக்கமான அளவே மிகையாகிவிடும். இப்படிச் சேரும்போது தொடக்க அளவையே நான்கு வாரம் மாற்றாமல் கொடுத்து, தேவைப்பட்டால் மட்டும் ஏற்ற வேண்டும். ஃப்ளூவாக்ஸெட்டினை நிறுத்திய பிறகும் அதன் தாக்கம் சில வாரம் நீடிக்கும். "அதை விட்டு ஒரு மாதம் ஆகிறது" என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அட்டோமாக்ஸெட்டின் எடுக்கும் பிள்ளைக்குக் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கருத்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட் அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள மருந்து. சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருப்பார். எல்லாக் கடைக்கும் இதை விற்கும் உரிமம் கிடையாது. கடைசி மாத்திரை வரை காத்திருக்காதீர்கள்.