அணு மின்சாரம்: பிரான்ஸ் வழியா, ஜெர்மனி வழியா?

1973 எண்ணெய் நெருக்கடியில் அடிவாங்கிய பிரான்ஸ், அடுத்த ஆண்டே அணு உலைகளைக் கட்டித் தள்ள முடிவெடுத்தது. இன்று அதன் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஜெர்மனியோ 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு மூடும் வேலையை வேகப்படுத்தி, 2023 ஏப்ரலில் கடைசி மூன்று உலைகளையும் நிறுத்திவிட்டது.

என் ஓட்டு பிரான்சுக்கு. காற்றாலையிலும் சூரிய மின்சாரத்திலும் ஜெர்மனி செய்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நிலக்கரியை விட்டுவைத்து அணு உலையை முதலில் மூடியது எனக்கு விளங்கவே இல்லை. அதிலும் ரஷ்ய எரிவாயுவை நம்பி! 2022இல் உக்ரைன் போர் வெடித்ததும், ஒதுக்கி வைத்திருந்த நிலக்கரி நிலையங்களை மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று.

சரி, பிரான்ஸ் மட்டும் ஒழுங்கா? அதே 2022இல் குழாய்களில் அரிப்பு விரிசல் தென்பட்டுப் பல உலைகள் நின்றன; மின்சாரம் விற்கிற நாடு வாங்க வேண்டிய நிலை. 2007இல் கட்டத் தொடங்கிய ஃபிளமான்வில் புதிய உலை 2024 டிசம்பரில்தான் மின் கட்டமைப்பில் இணைந்தது. ஆக, புதிதாகக் கட்டுவதென்றால் நானும் யோசிப்பேன். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை மூடுவது வேறு கதை.

அப்புறம் கழிவு. அதைப் புதைக்க பிரான்ஸ் பூர் கிராமத்தருகே இடம் பார்த்துவிட்டது. ஜெர்மனி இன்னும் தேடுகிறது.