குதிரைக்கு வாங்கிய ஸ்டெதஸ்கோப்: ஏழு மாத அனுபவம்

மட்டக்களப்பு நகரில் ஒரு மருந்துக்கடையில் 2,900 ரூபாய்க்கு வாங்கினேன். "யாருக்கு, மகன்? வீட்டில் அம்மாவுக்கா?" என்று கடைக்கார ஐயா கேட்டார். குதிரைக்கு என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு இருந்தவற்றுள் வட்டத் தலை பெரியதாக உள்ள ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார். அவர் தெரிவு சரியாகவே இருந்தது.

என் முத்து, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பெட்டைக் குதிரை. அவளை நீண்டதூரச் சவாரிக்குப் பழக்குகிறேன், கூடவே டிரெஸ்ஸாஜும் (குதிரையின் உடலைச் சமநிலையாக, சொன்னபடி அசையப் பழக்கும் பயிற்சி). தூரம் போகிற குதிரைக்கு வட்டம் போடும் பயிற்சி எதற்கு என்று பலர் கேட்டுவிட்டார்கள். இந்தக் கருவி எனக்குப் பதில் சொல்லிவிட்டது.

இடது முழங்கைக்குப் பின்னால், சேணத்தின் வயிற்றுப் பட்டை கிடக்கும் இடத்தில், தலையை நன்றாக உள்ளே தள்ளி வைக்க வேண்டும். 'லப்', 'டப்' இரண்டும் சேர்ந்தே ஒரு துடிப்பு. தனித்தனியாக எண்ணினால் கணக்கு இரட்டித்துவிடும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிறேன். ஓய்வில் முத்துவுக்கு 9, அதாவது நிமிடத்துக்கு 36. சர்வதேச நீண்டதூரப் போட்டிகளில் கால்நடை மருத்துவரின் சோதனைக்கு நிற்கும்போது துடிப்பு 64ஐத் தாண்டக் கூடாது. 15 விநாடியில் 16. அந்த 16தான் என் எல்லைக்கோடு.

மார்ச்சில் கல்லடிக் கடற்கரையில் 12 கிலோமீற்றர் போய்வந்து, பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றி ஆற்றிய பிறகும் 18 வந்தது. வலப்பக்கம் சாய்ந்தே ஓடினாள். வலது முன்கால் பாரத்தையெல்லாம் வாங்கியது. இறுகிய மணல்தரையில் டிரெஸ்ஸாஜ் களம் போல 20க்கு 40 மீற்றர் அளந்து, ஓரங்களில் இடம் காட்டும் எழுத்துப் பலகைகளுக்குப் பதிலாக இளநீர்க் கோம்பைகளை வைத்தேன். ஆறு வாரம் இரு பக்கமும் சமமாக 20 மீற்றர் வட்டங்கள், பக்கவாட்டு நடை. அந்த நாட்களில் தூரத்தைக் கூட்டவே இல்லை. பிறகு அதே கடற்கரை, அதே வேகம்: 15. உடல் நேரானதும் வீண் உழைப்பு குறைந்துவிட்டது.

குறைகளும் உண்டு. குழாய் குட்டை, ஈயை விரட்டிக் காலை உதைக்கும் குதிரையின் வயிற்றருகே முகத்தைக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. கச்சான் காற்று வீசும் நாட்களில் சவுக்கு மர மறைவுக்குப் போகாமல் ஒன்றும் கேட்காது. வியர்வையை உடனே துடைக்காவிட்டால் ரப்பர் பிசுபிசுக்கும்.

விலா ஓரத்தில் வைத்தால் குடல் ஓசையும் கேட்கலாம். ஜூலையில் ஒருநாள் சவாரி முடிந்து வைத்தபோது இடப்பக்கம் முழு அமைதி. குடல் அசையவில்லையோ என்று பயந்து, தீனியை நிறுத்திவிட்டு மருத்துவருக்கு அழைப்பு எடுத்தேன். அவர் வந்து மருந்து கொடுத்தார். இரவு பத்தரைக்கு அந்தக் களகளப்பு மெதுவாகத் திரும்பி வந்தது. மறுநாளே அதே கடையில் இன்னொன்று வாங்கிச் சேணப் பையில் வைத்துவிட்டேன்.