பிரேம் கடையில் ஸ்கேன் வசதி: ஸ்கேனரா, கேமராவா, வெளியே கொடுப்பதா?

பழைய சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கி, பின் அட்டையை எடுத்து, புதுக் கண்ணாடி ஏறும்வரை உள்ள கொஞ்ச நேரத்தில்தான் சான்றிதழோ குடும்பப் போட்டோவோ முழுசாக வெளியே இருக்கிறது. நகலெடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, சான்றிதழ்களை இழந்தவர்களுக்காக அரசே சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டி வந்த ஊர் இது. சென்னையில் பிரேம் கடை வைத்திருப்பவர் இந்தச் சேவையைத் தரத்தான் வேண்டும். எந்தக் கருவியால் என்பதில்தான் பலர் தப்பாக முடிவெடுக்கிறார்கள்.

இரண்டு வகை ஸ்கேனர்

கேனான் லைடு 300, 400 போன்றவை சிஐஎஸ், அதாவது தாளை ஒட்டியே இருந்து படிக்கும் சென்சார் கொண்டவை. மெல்லியவை, யூஎஸ்பி மின்சாரத்திலேயே ஓடும், விலையும் குறைவு. எப்சன் வி600 சிசிடி வகை. உள்ளே லென்ஸ் இருப்பதால் பருமன் அதிகம், விலையும் பல மடங்கு. டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணை மட்டும் பார்த்து இவற்றை ஒப்பிடக் கூடாது. சிஐஎஸ்ஸில் தாள் ஸ்கேனர் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தூக்கினாலே எழுத்து மங்கும். நான்காக மடித்து வைத்திருந்த பத்திரத்தின் மடிப்பு, மவுண்ட் போர்டை விட்டுப் பிரிக்க முடியாத படம் எல்லாம் இதில்தான் கெடுகின்றன. சிசிடி சில மில்லிமீட்டர் உயரத்தையும் தெளிவாகப் பிடிக்கும்.

இந்த ஊரில் அது ரொம்பவே முக்கியம். கடற்காற்றின் ஈரத்தில் பழைய போட்டோவின் ஜெலட்டின் பரப்பு பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அதை உரிக்காதீர்கள், தண்ணீரிலும் போடாதீர்கள். உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். 2 மி.மீ. கண்ணாடியோடு அப்படியே சிசிடி ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். இரு கண்ணாடிகளும் தொடும் இடத்தில் வானவில் வளையம் விழும் என்பதால், நான்கு ஓரத்திலும் மெல்லிய காகிதப் பட்டை கொடுங்கள். ஒட்டிய பகுதி அடர்த்தியாகவும் ஒட்டாத பகுதி வெளிறியும் தெரியும். அது ஸ்கேனரின் குறை இல்லை என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சான்றிதழுக்கு 300 டிபிஐ போதும், ஏ4 தாள் 2480 × 3508 பிக்சல் வரும். போட்டோவுக்கு 600. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு 1200 வைத்தால் 5 × 7 அங்குலத்துக்குப் பெரிதாக்கலாம். சொரசொரப்பான சில்க் தாளில் போட்ட பழைய ஸ்டுடியோ பிரிண்டுகள் ஸ்கேனரில் தேன்கூடு மாதிரிப் புள்ளி வைக்கும். அவற்றைக் கேமராவுக்கு அனுப்புங்கள்.

கேமரா

ஏ4 ஸ்கேனரில் 10 × 12 அங்குலப் படமே முழுதாக உட்காராது. இரண்டு துண்டாக எடுத்து ஒட்டலாம், ஆனால் வேலை நேரம் போய்விடும். 24 மெகாபிக்சல் கேமராவின் 6000 × 4000 பிக்சல், 12 × 18 அளவுக்கு அச்சாகப் பொருந்தும்: அங்குலத்துக்கு 333 பிக்சல். 16 × 20 படத்துக்கு 250 கிடைக்கும், அதுவும் தாராளம்.

ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் 12 × 18 படத்துக்குச் சுமார் ஒரு மீட்டர் உயரம் வேண்டும். லென்ஸ் திறப்பு எஃப்8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100, இரண்டு விநாடி டைமர். ஒரே மாதிரியான இரண்டு விளக்குகளை இருபுறமும் 45 டிகிரியில், சம தூரத்தில் வையுங்கள். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஃபேனையும் நிறுத்துங்கள், தாள் படபடத்தால் படம் ஆடிவிடும். கேமரா நேராகப் பார்க்கிறதா என்பதற்குக் கடையிலேயே கருவி இருக்கிறது: மேசையில் ஒரு துண்டு முகக்கண்ணாடி வைத்து, லென்சின் பிம்பம் திரையின் நடுவில் விழும்வரை சரிசெய்யுங்கள்.

தஞ்சாவூர் ஓவியத்துக்குக் கேமராதான் ஒரே வழி. ஸ்கேனரில் வைத்தால் புடைப்பு வேலையும் கற்களும் அழுந்தும், தங்க ரேக்கு கறுத்தே விழும். விளக்குகளை ஒரு பெரிய வெள்ளை அட்டையில் பட்டுத் திரும்பும்படி வைத்தால் ரேக்கு பொன்னாக எழும்.

மற்ற இரண்டு வழிகள்

கட்டட வரைபடம் ஸ்கேன் செய்யும் கடைகளில் பெரிய தாளையும் எடுப்பார்கள். ஆனால் அந்த இயந்திரங்கள் தாளை உருளையால் இழுப்பவை. புது வரைபடத்துக்குப் பரவாயில்லை, மடிப்பில் இற்றுப்போன பத்திரத்தைக் கிழித்துவிடும். அசல் தாள் கடையை விட்டு வெளியே போவதும் நல்லதல்ல.

மொபைல் ஆப் தாளை வெள்ளையாக்கும் அவசரத்தில் மங்கிய முத்திரையையும் பென்சில் குறிப்பையும் அழித்துவிடும். இதற்குக் காசு வாங்குவது நியாயமே இல்லை. கடையில் மாட்ட வரும் ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழுக்கும் அப்படித்தான். அதன் பிடிஎஃப் வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி இணையதளக் கணக்கிலேயே இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதலில் சிசிடி ஸ்கேனர். பெரிய படங்களும் ஓவியங்களும் அடிக்கடி வருகிற கடையானால் கேமரா.

ஒப்படைப்பது

ஆணி அடிக்கும் முன் கோப்பை முழு அளவில் திறந்து, கையெழுத்தையும் பதிவெண்ணையும் படித்துப் பாருங்கள். படத்துக்குத் தரம் குறையாத டிஃப் கோப்பு ஒன்று, அனுப்பச் சுலபமான ஜேபெக் ஒன்று, சான்றிதழுக்குப் பிடிஎஃப். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். அதுவும் கடை எண்ணிலிருந்து மட்டும், பையனின் சொந்த மொபைலிலிருந்து வேண்டாம். வாடிக்கையாளர் திறந்து பார்த்துச் சரி என்றதும் கம்ப்யூட்டர், மெமரி கார்டு, வாட்ஸ்அப், ரீசைக்கிள் பின் நான்கிலும் அழித்துவிட்டு, பில்லில் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள்.