சத்தத்தையே ஆயுதமா வச்சிருக்கிற ரெண்டு காமிக்ஸ் வில்லன்கள்: மார்வெலோட கிளாவா, டிசியோட சில்வர் பான்ஷியா? யாரோட சத்தம் பயங்கரம்?

என் ஓட்டு கிளாவுக்குத்தான். 1966ல ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸ்ல ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் கொண்டுவந்த ஆளு, வகாண்டாங்கிற கற்பனை ஆப்பிரிக்க நாட்டோட வைப்ரேனியம்ங்கிற அபூர்வ உலோகத்துக்கு ஆசைப்பட்டு, அந்த நாட்டு சூப்பர் ஹீரோ பிளாக் பாந்தரோட அப்பா டிசாக்காவையே கொன்னவன், அந்தச் சண்டையில கை போயி அந்த இடத்துல சவுண்ட் கருவி மாட்டிக்கிட்டு, அப்புறம் தன்னோட மெஷினுக்குள்ளயே குதிச்சு உடம்பே சத்தமா மாறிடுறான். சத்தத்தைக் கெட்டியாக்கி யானை, கொரில்லான்னு செஞ்சு ஏவி விடுவான், அந்தக் கற்பனைக்கே காசு குடுக்கலாம். ஆனா சத்தத்தை உறிஞ்சுற வைப்ரேனியம்கிட்ட மட்டும் பருப்பு வேகாது.

சில்வர் பான்ஷி டிசி பக்கம், சூப்பர்மேன் வில்லி, 1987ல ஜான் பைர்ன் உருவாக்கினது. இவளுக்கு மெஷின் எதுவும் வேணாம், எல்லாம் சாபம், மந்திரம்தான். உங்க உண்மையான பேர் தெரிஞ்சா ஒரே அலறல், ஆள் காலி. சூப்பர்மேனுக்கு மந்திரம்னாலே ஆகாதுங்கிறதால செம செட்டாகுது. பயமுறுத்துறதுல இவதான் மேல, ஒத்துக்கிறேன்.

ஆனா பேரே தெரியலைன்னா என்ன பண்ணுவா? கிளாவுக்கு அந்தத் தொல்லை இல்ல. மார்வெல் படங்கள்ல மட்டும் அவனைச் சாதா ஆயுத வியாபாரியாக்கிட்டாங்க, அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் போகல.