'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்று சொல்லி விற்கப்படும் கருத்தரிப்புக் கூடுதல் சிகிச்சைகள்: ஓர் எச்சரிக்கை

ஐவிஎஃப் என்னும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பணம் கட்டத் தயாராகிக்கொண்டிருக்கும் தம்பதியருக்காக இதை எழுதுகிறேன். அந்தச் சிகிச்சையைக் குறை சொல்வது என் நோக்கம் அன்று. இரண்டு கருக்குழாய்களும் அடைபட்டிருக்கும் எனக்கு அதைவிட நல்ல வழி கிடையாது என்பதை இன்றும் நம்புகிறேன். நான் எச்சரிக்க விரும்புவது அதோடு சேர்த்து விற்கப்படும் கூடுதல் சிகிச்சைகளைப் பற்றி. கொங்குப் பகுதியின் பெரிய நகரம் ஒன்றில் உள்ள தனியார் கருத்தரிப்பு மையத்தில், 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டவை' என்று சொல்லி எங்களுக்கு அவை விற்கப்பட்டன. அவற்றுள் இரண்டு, பெரிய ஆய்வுகளில் சோதிக்கப்பட்டுப் பயன் தரவில்லை என்று நாங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே தெரியவந்தவை.

முதல் கரு மாற்றம், அதாவது ஆய்வகத்தில் உருவாக்கிய கருவைக் கருப்பையில் வைப்பது, பலிக்காமல் போன பிறகுதான் இது தொடங்கியது. கர்ப்பம் தரித்ததா என்று பார்க்கும் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனையின் முடிவை எடுத்துக்கொண்டு போனபோது மருத்துவர் எங்களோடு அதிக நேரம் பேசவில்லை. கரு நன்றாகத்தான் இருந்தது, கருப்பைதான் ஏற்றுக்கொள்ளவில்லை, அடுத்த தடவை சிலவற்றைச் சேர்த்துச் செய்வோம் என்று சொல்லிவிட்டு, மீதியைக் கவுன்சிலர் விளக்குவார் என்று வெளியே அனுப்பிவிட்டார். அங்கே கவுன்சிலர் என்று அழைக்கப்படுபவர் கட்டணம் பேசும் அலுவலர். அவர் ஒரு விலைப்பட்டியலை எடுத்து வைத்து, கருப்பை உட்சுவரைக் கீறிவிடும் 'ஸ்க்ராட்ச்', 'இன்ட்ராலிபிட்' என்னும் டிரிப், கருப்பை கருவை ஏற்கும் நேரத்தைக் கணிக்கும் 'ஈஆர்ஏ' பரிசோதனை என்று ஒவ்வொன்றின் எதிரிலும் நீலப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வந்தார். இவையெல்லாம் கட்டாயம் வேண்டுமா என்று என் கணவர் கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "சார், இவ்வளவு செலவு பண்ணிட்டீங்க. இதை மட்டும் விட்டுட்டு, நாளைக்கு ஃபெயில் ஆனா மேடத்துக்கு மனசு கேட்குமா?"

அந்தக் கேள்விக்கு ஒரு பெண்ணால் 'கேட்கும்' என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே ஒரு முறை கருவை இழந்தவளிடம், அடுத்த இழப்புக்கும் நீதான் பொறுப்பாவாய் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் பேச்சு அது. பல மையங்களில் ஏறத்தாழ இதே வார்த்தைகளைக் கேட்டதாகப் பின்னர் வேறு சில பெண்கள் என்னிடம் சொன்னார்கள். என் அத்தை தன் வளையல்களை அடகு வைத்துக் கொடுத்த பணம் அந்த டிக் அடையாளங்களுக்குத்தான் போனது.

ஸ்க்ராட்ச் என்பது மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கருப்பைவாய் வழியாக உள்ளே செலுத்தி, உட்சுவரைச் சுரண்டிவிடுவது. மயக்க மருந்து எதுவும் கொடுக்கவில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிட்டாலும் வலி அடிவயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. இதன் வரலாறு தெரிந்திருந்தால் எவரும் கேள்வி கேட்டிருப்பார்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2003-ல் இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில், முன்பு ஐவிஎஃப் பலிக்காத 134 பெண்களில் 45 பேருக்குக் கருப்பை உட்சுவரிலிருந்து சிறு திசுக்கள் எடுக்கப்பட்டன. அவர்களிடம் குழந்தைப் பேறு 48.9 சதவீதமாகவும், மற்றவர்களிடம் 22.5 சதவீதமாகவும் இருந்தது. இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வித்தியாசத்தைப் பார்த்து உலகம் முழுவதும் கருத்தரிப்பு மையங்கள் ஸ்க்ராட்சைத் தொடங்கின. ஆனால் 45 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அத்தனை சிறிய குழுவில் தற்செயலாகவே பெரிய வித்தியாசம் தோன்றக்கூடும்.

அதை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ போதுமான அளவு பெரிய ஆய்வை நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று நடத்தினார்கள். ஐந்து நாடுகளில் 1,364 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். யாருக்கு ஸ்க்ராட்ச் செய்வது என்பதைக் குலுக்கல் போன்ற முறையில் தீர்மானித்து, உயிருடன் பிறந்த குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். ஸ்க்ராட்ச் செய்துகொண்டவர்களில் 26.1 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. செய்துகொள்ளாதவர்களிலும் 26.1 சதவீதம் பேருக்குப் பிறந்தது. இந்த முடிவு 2019 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. அது வெளிவந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு எங்களிடம் காட்டப்பட்ட விளக்கத் தாளில், 'வெற்றி வாய்ப்பை இரட்டிப்பாக்கும்' என்ற பழைய கதை மட்டும்தான் அச்சிடப்பட்டிருந்தது.

இன்ட்ராலிபிட் டிரிப்பைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பால் போல வெள்ளையாக இருக்கும் அந்தப் பையை ஸ்டாண்டில் மாட்டி, சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். 'உங்கள் உடம்பு கருவை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது, இது அந்த எதிர்ப்பை அடக்கும்' என்றார்கள். பையின் மீதிருந்த லேபிளைப் படுத்தபடியே படித்தேன். அதிலிருந்தது சோயா எண்ணெயும், முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் கொழுப்பும், கிளிசரினும். வாய்வழி உணவு எடுத்துக்கொள்ள முடியாத நோயாளிகளுக்கு ரத்தக் குழாய் வழியாகக் கொழுப்புச் சத்து தருவதற்கென்று உருவாக்கப்பட்ட மருந்து அது. சோயாவோ முட்டையோ ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. உனக்கு அப்படி ஒவ்வாமை உண்டா என்று ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை.

இதற்கு முன்னதாக 'என்கே செல்' என்னும் நோய் எதிர்ப்புச் செல்களின் அளவு பார்ப்பதற்கென்று கையிலிருந்து ரத்தம் எடுத்து, அது அதிகமாக இருக்கிறது என்று சொன்னார்கள். ரத்தத்தில் ஓடும் என்கே செல்களும் கருப்பையில் இருக்கும் என்கே செல்களும் ஒன்றல்ல. கருப்பையில் உள்ளவை நஞ்சுக்கொடி சரியாகப் பதிவதற்கு உதவுபவை. கையில் எடுத்த ரத்தத்தை வைத்துக்கொண்டு கருப்பைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல முடியாது. பெயரில் உள்ள 'கொல்லும் செல்' என்னும் பொருளைச் சொல்லியே எங்களைப் பயமுறுத்தினார்கள்.

ஈஆர்ஏ பரிசோதனைதான் பட்டியலில் மிக அதிக விலை கொண்டது. கருப்பை உட்சுவரிலிருந்து திசு எடுத்து, இருநூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களின் செயல்பாட்டைப் பார்த்து, கருவை எந்த நேரத்தில் வைக்க வேண்டும் என்று கணித்துச் சொல்வார்கள். இதற்காக ஒரு மாதச் சுழற்சியே மருந்திலும் ஊசியிலும் கழிந்துவிடும். 2022-ல் ஜாமா என்னும் மருத்துவ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 767 பெண்களுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்து, ஒரு பிரிவினருக்கு அதன் முடிவுப்படியும் இன்னொரு பிரிவினருக்கு வழக்கமான நேரத்திலும் கருவை வைத்தார்கள். பரிசோதனைப்படி வைத்தவர்களில் 58.5 சதவீதம் பேருக்கும், வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. அவர்கள் எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனையில் தேறிய கருக்களே வைக்கப்பட்டன என்பதால் இந்தச் சதவீதங்கள் வழக்கத்தைவிட உயர்வாக இருக்கின்றன. இங்கே பார்க்க வேண்டியது இரண்டு பிரிவுகளுக்கும் இடையில் பரிசோதனைக்குச் சாதகமான வித்தியாசம் ஏதும் இல்லை என்பதையே.

இதையெல்லாம் எனக்கு எடுத்துச் சொன்னவர், அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பணியாற்றும், என் கணவரின் பெரியப்பா மகள். இரண்டாவது முறையும் பலிக்காமல் போன பிறகு, எங்கள் காகிதங்களை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "கண்ணு, இதையெல்லாம் செய்யணும்னு டாக்டர் கையெழுத்துப் போட்டு எங்கேயாவது எழுதியிருக்காரா?" என்று கேட்டார். தேடிப் பார்த்தோம். எங்கேயும் இல்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2023-ல் இத்தகைய கூடுதல் சிகிச்சைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டதையும், நான் மேலே சொன்ன மூன்றையும் வழக்கமாகச் செய்ய அது பரிந்துரைக்கவில்லை என்பதையும் அண்ணிதான் காட்டினார்.

வரவேற்பறையில் தொங்கிய '75 சதவீத வெற்றி' என்ற பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதை வெற்றி என்று எண்ணினார்கள் என்று கேட்டுப் பெறும்வரை அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. பீட்டா எச்சிஜி பாசிட்டிவ் வந்தாலே வெற்றி என்று எழுதிக்கொள்ளலாம். அவற்றுள் சில, ஸ்கேனில் கருவைச் சுற்றியுள்ள பை தெரிவதற்கு முன்பே கலைந்துவிடும். இதயத் துடிப்பு தெரிந்ததை எண்ணினால் எண்ணிக்கை குறையும். உயிருடன் பிறந்த குழந்தையை எண்ணினால் இன்னும் குறையும். அதைப் போலவே, கரு மாற்றம் நடந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால், ஊசி போட்டும் முட்டை கிடைக்காதவர்களும், கரு உருவாகாதவர்களும் கணக்கிலிருந்து மறைந்துபோவார்கள். இங்கிலாந்தில் ஒழுங்குமுறை ஆணையமே மையங்களின் முடிவுகளைத் திரட்டி வெளியிடுகிறது. அங்கே 35 வயதுக்கு உட்பட்ட பெண்களிடம் வைக்கப்படும் கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் குழந்தையாகப் பிறக்கிறது. வயது நாற்பதைக் கடந்த பிறகு அது மிக வேகமாகக் குறைகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பலகையை நினைத்தால், எத்தனை பெண்கள் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்ற வேதனைதான் மிஞ்சுகிறது.

எங்கள் ஃபைலைக் கேட்டபோது, சுருக்கம் மட்டும்தான் தருவோம், முழு ஆவணம் மையத்தின் சொத்து என்றார்கள். அது சரியல்ல. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். அந்த விதியைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய பிறகு முழு நகலும் வந்து சேர்ந்தது. வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை. ரசீதிலும் கவனம் வேண்டும். எங்களுக்குத் தரப்பட்ட முதல் ரசீதில் எல்லாம் சேர்த்து 'சிகிச்சைக் கட்டணம்' என்று ஒரே வரிதான் இருந்தது. எதற்கு எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லி வாங்கிய பிறகுதான், கூடுதல் சிகிச்சைகளுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் போயிருப்பது தெரிந்தது.

2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பலரும் வயது வரம்பு, கருமுட்டைக் கொடை ஆகியவற்றுக்கான சட்டமாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். சிகிச்சையின் வெற்றி வாய்ப்பு, நன்மை தீமைகள், செலவு, பக்கவிளைவுகள் ஆகியவற்றைத் தம்பதியருக்கு முன்கூட்டியே விளக்க வேண்டியது மையத்தின் கடமை என்றும் அது சொல்கிறது. ஒவ்வொரு மையத்திலும் குறைதீர் பிரிவு இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. நாங்கள் முதலில் அங்கேதான் எழுத்து மூலம் புகார் கொடுத்தோம். பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகியிருக்கிறோம். பணம் கொடுத்துப் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நாம் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்துவிட வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் இப்போது ஒரு மையத்தின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு கூடுதல் சிகிச்சைக்கும் மருத்துவரிடமே கேளுங்கள்: இது எனக்கு ஏன் தேவை, குழந்தை பிறக்கும் வாய்ப்பை இது எவ்வளவு கூட்டும் என்று எந்த ஆய்வு சொல்கிறது, அதில் எத்தனை பெண்கள் இருந்தார்கள், இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும். பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். இப்போது நாங்கள் பார்க்கும் மருத்துவர் இந்தக் கேள்விகளை முழுவதும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் உங்களுக்கு வேண்டாம்மா, தைராய்டு அளவைச் சரி பண்ணிட்டு, உறைய வைத்திருக்கும் கருவை நல்லபடியா வைப்போம்" என்று மட்டும் சொன்னார். பழைய மையத்தில் உறைய வைத்திருக்கும் அந்தக் கருக்களை இங்கே மாற்றித் தரச் சொல்லி மனுக் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் அப்படி ஒரு நிலை வரலாம். எனவே ஆண்டுதோறும் கட்டும் உறைநிலைக் கட்டணத்தின் ரசீதுகளையும், எத்தனை கருக்கள், எந்த நாளில் உறைய வைக்கப்பட்டன என்ற குறிப்பையும் மையத்தின் முத்திரையோடு இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.