ஓட்டக்காரர்களை நம்பி விற்கப்படும் ஷூக்கள்: நைக்கி, அடிடாஸ், பூமா, ஆன் ஒப்பீடு

ஓட்டக் காலணி விற்பவர்களுக்கு, குளிர்பானம் விற்பவர்களுக்கு இல்லாத ஒரு நெருக்கடி உண்டு. குளிர்பான விளம்பரத்தில் வரும் நட்சத்திரம் அதைக் குடித்ததால்தான் சதம் அடித்தார் என்று எவரும் நம்புவதில்லை. நம்பும்படி நிறுவனமும் கேட்பதில்லை. மாரத்தானில் வென்றவர் காலில் இருந்த ஷூவைப் பார்த்துவிட்டு அதே ஷூவுக்கு 250 டாலர் கொடுப்பவரோ, அந்த வெற்றியில் ஷூவுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நம்பித்தான் கொடுக்கிறார். ஆகவே ஒரு ஷூ நிறுவனம் வீரருக்குக் கொடுக்கும் பணம், பெயரைப் பரப்புவதோடு, பொருள் உண்மையிலேயே வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சியும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் வேலையைக் காசு உள்ள எவரும் செய்துவிடலாம். இரண்டாவதை யார் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதை வைத்தே இந்த நான்கு நிறுவனங்களையும் இங்கே எடைபோடுகிறேன்.

இந்தக் கணக்கை நைக்கி மிகச் சீக்கிரமே புரிந்துகொண்டது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஃபில் நைட்டும் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மனும் 1964-ல் வேறொரு பெயரில் தொடங்கிய நிறுவனம் 1971-ல் நைக்கி ஆனது. பவர்மனிடம் பயிற்சி பெற்ற ஸ்டீவ் பிரிஃபான்டைன்தான் அதன் முதல் பெரிய தடகள முகம். ஓடுவதற்காக நேரடியாகப் பணம் வாங்க அன்றைய அமெச்சூர் விதிகள் இடம் தராத நிலையில், நிறுவனம் அவருக்கு மக்கள் தொடர்பில் ஒரு பதவி கொடுத்து வைத்துக்கொண்டது. அவர் பாஸ்டன் பகுதியில் இருந்த பில் ராஜர்ஸுக்கு ஒரு ஜோடி ஷூ அனுப்பினார். 1975 ஏப்ரலில் ராஜர்ஸ் அந்த ஷூவில் பாஸ்டன் மாரத்தானை 2:09:55 என்ற நேரத்தில் வென்றார்; நடுவழியில் நின்று, குனிந்து, லேஸைக் கட்டிக்கொண்ட பிறகும் வென்றார். அடுத்த மாதமே பிரிஃபான்டைன் கார் விபத்தில் இறந்துவிட்டார். ஆனால் ஒரு வீரரே இன்னொரு வீரருக்கு ஷூவைச் சிபாரிசு செய்வது எந்த விளம்பரப் பலகையையும் விட வலுவானது என்ற பாடம் நிறுவனத்திடம் தங்கிவிட்டது.

அந்தப் பாடத்தின் உச்சம் 2016-க்கும் 2019-க்கும் இடையில் வந்தது. ரியோ ஒலிம்பிக் ஆண்கள் மாரத்தானில் பதக்கம் வென்ற எலியுட் கிப்சோகே, ஃபெயிசா லிலேசா, கேலன் ரப் மூவரின் கால்களிலும் அப்போது கடைக்கே வராத நைக்கியின் சோதனை ஷூ இருந்தது. 2017 மே 6 அன்று இத்தாலியின் மோன்சா கார்ப் பந்தயத் தடத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தானை முடிக்கும் முயற்சியை நைக்கி நேரலையில் காட்டியது. ஓடிய மூவரில் இருவர் பாதியில் பின்தங்கிவிட, கிப்சோகே 2:00:25-ல் முடித்தார். இலக்கு 25 விநாடிகளில் தவறியது. விற்பனைக்கு அது தடையாகவே இல்லை. ஆய்வகத்தில் சுமார் 4 சதவீத ஆற்றல் மிச்சமானதாகக் கண்ட அளவையே பெயராகச் சூட்டிக்கொண்டு, அதே குடும்பத்தைச் சேர்ந்த ஷூ அந்த ஆண்டே 250 டாலருக்குக் கடைக்கு வந்தது. 2019 அக்டோபரில் வியன்னாவில் கிப்சோகே 1:59:40-ல் ஓடிய நிகழ்ச்சியை நடத்தியது ஒரு வேதிப்பொருள் நிறுவனம். ஊரெல்லாம் பேசியதோ அவருடைய ஷூவைப் பற்றி. அடுத்த நான்கு மாதங்களுக்குள் உலகத் தடகளச் சம்மேளனம், சாலை ஓட்ட ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, உள்ளே ஒரே ஒரு தகடுதான் இருக்கலாம் என்று விதி போட வேண்டியதாயிற்று. ஷூ அவ்வளவு வேகம் தருவதால் அதற்குக் கட்டுப்பாடு தேவை என்று ஒரு சர்வதேச அமைப்பே சொன்ன பிறகு நைக்கிக்கு வேறு விளம்பரம் எதற்கு?

இதன் விளைவை ஜப்பானில் நேராகப் பார்க்கலாம். ஆண்டுதோறும் புத்தாண்டில் நடக்கும் ஹகோனே தொடரோட்டம் பல்கலைக்கழக மாணவர்களுக்கானது; நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பார்ப்பது. 2021-ல் அதில் ஓடிய 210 பேரில் 201 பேர் நைக்கி அணிந்திருந்தார்கள். உள்நாட்டு நிறுவனமான ஆசிக்ஸை ஒருவர்கூட அணியவில்லை. சாட்சியம் போதுமான அளவு வலுத்துவிட்டால், காசு வாங்காதவர்களும் வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு திறமையான நிறுவனம் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்ட இடம் ஒப்பந்தத் தாள்தான். தடகள ஒப்பந்தங்களில் கழிவு விதி என்று ஒன்று உண்டு: தரவரிசையில் இறங்கினால், காயத்தால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் போட்டிகளில் ஓடாவிட்டால், பேசிய தொகை வெட்டப்படும். இது 2016-ல் பொதுவெளிக்கு வந்தது. ஒரு காலத்தில் மெக்டொனால்ட்ஸில் வேலை பார்த்து, அந்த ஆண்டு உலக உள்ளரங்கப் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வென்ற போரிஸ் பெரியனுக்கு நியூ பேலன்ஸ் என்ற ஷூ நிறுவனம் கழிவு விதி இல்லாமல் ஆண்டுக்கு 1,25,000 டாலர் கொடுக்க முன்வந்தது. போட்டி நிறுவனம் தரும் தொகைக்கு ஈடு கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை தனக்கு உண்டு என்று நைக்கி வழக்குத் தொடுத்தது. ஒரு தடகளப் போட்டி நடந்த இடத்திலேயே அவர் கையில் நீதிமன்றத் தாள்கள் கொடுக்கப்பட்டன. ஒலிம்பிக் தகுதிப் போட்டி நெருங்கிய நேரத்தில் இது வெளியாட்கள் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஜூன் மாதத்தில் நைக்கி வழக்கைக் கைவிட்டது. பெரியன் நியூ பேலன்ஸுக்குப் போனார்.

மூன்றாண்டுகள் கழித்து வந்த அடி இதைவிடப் பெரியது. குழந்தை பெற்ற பிறகு 70 சதவீதம் குறைவான தொகைக்கே நைக்கி ஒப்பந்தம் பேசியதாகவும், பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் வேகம் குறைந்தால் தண்டிக்கப்பட மாட்டேன் என்ற உறுதியை எழுத்தில் கேட்டபோது மறுத்ததாகவும் அமெரிக்க ஒலிம்பிக் ஓட்ட வீராங்கனை அல்லிசன் ஃபீலிக்ஸ் 2019 மே மாதம் பத்திரிகையில் எழுதினார். பெண்களுக்கு ஊக்கம் தரும் விளம்பரங்களுக்குப் பெயர்போன நிறுவனத்தின் மீது, அந்த விளம்பரங்களில் வரக்கூடிய தகுதி படைத்த ஒருவரே வைத்த குற்றச்சாட்டு அது. அந்த ஆகஸ்டில் நைக்கி விதியை மாற்றி, கர்ப்பத்தை ஒட்டிய 18 மாதங்களுக்குக் கழிவு இல்லை என்று அறிவித்தது. ஃபீலிக்ஸ் தன் சொந்த ஷூ நிறுவனத்தைத் தொடங்கி, டோக்கியோ ஒலிம்பிக்கில் தன் பெயர் சொல்லும் ஸ்பைக்ஸிலேயே (அடியில் முள் பதித்த தடகள ஷூ) பதக்கம் வாங்கினார். மிச்சப்படுத்த நினைத்த தொகை எவ்வளவாக இருந்தாலும், அதற்காக இழந்தது அதைவிட அதிகம் என்பது என் கணிப்பு.

அடிடாஸின் வழி வேறு. வீரரைக் கொண்டு பொருளைக் காட்டுவதில் அதற்கும் நைக்கிக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஹைலே கெப்ரெசெலாசி 2008-ல், வில்சன் கிப்சாங் 2013-ல், டென்னிஸ் கிமெட்டோ 2014-ல் என்று பெர்லின் மாரத்தானில் உலக சாதனைகள் அடுத்தடுத்து அடிடாஸில் ஓடியே வந்தன. கதை சொல்லத்தான் அதற்கு நீண்ட காலம் தெரியவில்லை. 2:02:57 என்ற கிமெட்டோவின் நேரத்தைவிட, சாதனைப் பட்டியலிலேயே சேராத மோன்சா ஓட்டம் அதிகம் பேசப்பட்டது ஒன்றே இதற்குப் போதிய சான்று.

அது மாறியது 2023 செப்டம்பரில். பெர்லினில் திக்ஸ்ட் அசெஃபா 2:11:53-ல் ஓடி, பெண்கள் உலக சாதனையை இரண்டு நிமிடங்களுக்கும் மேல் குறைத்தார். எல்லையைக் கடந்ததும் ஷூவைக் கழற்றிக் கையில் தூக்கி முத்தமிட்டார். அதன் எடை 138 கிராம்; விலை 500 டாலர்; முதலில் விற்பனைக்கு விட்டது 521 ஜோடிகள் மட்டும்; ஒரு மாரத்தானுக்கும் அதற்கு முன் பழகிக்கொள்ளும் ஓட்டத்துக்கும்தான் தாங்கும் என்று நிறுவனமே சொல்லிவிட்டது. 521 ஜோடியில் என்ன லாபம் என்று கணக்குக் கேட்பவர் விஷயத்தைத் தவறவிடுகிறார். அந்த ஷூவே விளம்பரம். கடையில் விற்க வேண்டியது அதற்குக் கீழே அடுக்கியிருக்கும் மலிவான மாதிரிகள். 2025-ல் ஹகோனேவில் அதிகம் பேர் அணிந்த ஷூ அடிடாஸ்தான். சாட்சியத்தைப் பார்த்து வந்தவர்கள் அதைவிட நல்ல சாட்சியத்தைப் பார்த்ததும் போய்விடுவார்கள் என்பதை நைக்கி அங்கே விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

பூமாவைப் பற்றி நான் சொல்லப்போவது பலருக்கு உவப்பாக இருக்காது. உசைன் போல்ட்டைப் பதின்ம வயதிலேயே ஒப்பந்தம் செய்தது தடகள வரலாற்றின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு. பெயரைப் பரப்புவதில் அதற்கு ஈடு கிடையாது. 2008-ல் பெய்ஜிங்கில் 9.69 விநாடியில் நூறு மீட்டரை ஓடியபோது அவருடைய ஒரு ஷூவின் லேஸ் அவிழ்ந்திருந்தது. ஓடி முடித்ததும் அந்தத் தங்கநிற ஸ்பைக்ஸைக் கழற்றி கேமராக்களுக்கு நேராகப் பிடித்தார். உலகமே பூமாவைப் பார்த்தது. ஆனால் என்ன பார்த்தது? லேஸ் அவிழ்ந்தும், கடைசி அடிகளில் மார்பில் தட்டிக்கொண்டும் சாதனை படைக்கும் மனிதனுக்கு ஷூ ஒரு பொருட்டே இல்லை என்பதைத்தான். நூறு மீட்டர் ஸ்பைக்ஸை வாங்கும் கூட்டமும் மிகச் சிறியது. காலையில் பத்து கிலோமீட்டர் ஓடுபவர் போல்ட்டை ரசித்துவிட்டு வேறு கடைக்குப் போனார். பூமா சட்டைகளும் தெருவில் போடும் ஷூக்களும் அந்தப் புகழால் விற்றிருக்கலாம். சாலை ஓட்டச் சந்தையில் பூமா மீண்டும் மதிப்புடன் பேசப்பட்டது 2021-ல் நைட்ரோ ஃபோம் ஷூக்கள் வந்த பிறகே, அதாவது போல்ட் ஓய்வுபெற்று நான்காண்டுகள் கழித்து.

அதே ஆண்டு டோக்கியோவில் பூமாவின் கார்ஸ்டன் வார்ஹோல்ம் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 45.94-ல் வென்றுவிட்டு, எதிராளிகள் அணிந்த தடித்த ஃபோம் ஸ்பைக்ஸ் விளையாட்டின் நம்பகத்தன்மையையே கெடுக்கிறது என்று சாடினார். ஷூவைக் குறை சொல்லி ஷூ விற்பது விசித்திரமாகத் தோன்றினாலும், பூமாவின் வீரர் ஷூவைப் பற்றிப் பேசி உலகம் காதுகொடுத்துக் கேட்ட தருணம் அது. 2025-ல் பாஸ்டன், லண்டன் மாரத்தான்களில் சாதாரண ஓட்டக்காரர்களுக்குப் புது ஷூவைக் கொடுத்து, தம் சிறந்த நேரத்தை மூன்று நிமிடத்துக்கு மேல் குறைப்பவர்களுக்கு 3,000 டாலர் என்று அறிவித்தது, போல்ட்டால் முடியாததைச் செய்யும் முயற்சியாகவே எனக்குப் படுகிறது.

ஆன் என்ற சுவிஸ் நிறுவனம் 2010-ல் தொடங்கியது. பெரிய நட்சத்திரத்தை ஏலத்தில் எடுக்கும் வசதி தொடக்கத்தில் அதற்கு இல்லை. 2019-ல் ரோஜர் ஃபெடரர் முதலீட்டாளராக வந்தார். அவர் வந்ததால் ஷூ ஸ்டைலானது, ஆனால் ஓட்டக்காரர்கள் அதை நடைப்பயிற்சிச் செருப்பாகத்தான் நினைத்தார்கள். இதைச் சரிசெய்ய நிறுவனம் 2020-ல் கொலராடோவின் போல்டர் நகரில் ஒரு தடகளக் குழுவை அமைத்தது. பயிற்சியாளர் டேத்தன் ரிட்சன்ஹைன் ஒரு காலத்தில் நைக்கிக்காக ஓடியவர். ஒரு நட்சத்திரத்துக்குப் பதில் ஒன்றாக வாழ்ந்து பயிலும் இளைஞர் கூட்டம் கிடைத்ததால், ஒருவர் காயம்பட்டாலும் இன்னொருவர் பெயர் செய்தியில் இருந்தது. அந்தக் குழுவின் யாரட் நுகுஸே 2023-ல் 3:43.97-ல் ஒரு மைல் ஓடி அமெரிக்க சாதனை படைத்தார். அது நடந்த இடம் ஓரிகன் மாநிலத்தின் யூஜீன், போட்டியின் பெயர் பிரிஃபான்டைன் கிளாசிக். நைக்கியின் வீட்டு முற்றத்திலேயே!

நைக்கியிலிருந்து 2022-ல் வந்த ஹெலன் ஒபிரி இன்னும் பெரிய வரவு. 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் பாஸ்டனை வென்றார். இரண்டாவது முறை அவர் அணிந்திருந்தது லேஸே இல்லாத ஷூ. அதன் மேல்பாகத்தை ஒரு ரோபோ சுமார் மூன்று நிமிடங்களில் தெளித்தே உருவாக்குகிறது. சில மாதங்களில் அது 330 டாலருக்குச் சந்தைக்கு வந்தது. என் தயக்கம் ஒன்றுதான். ஆன் வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஒபிரி யார் என்றே அறியாதவர்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு இந்தக் குழு ஒரு தரச் சான்றிதழ், அவ்வளவே. ஆனாலும் செலவுக்குக் கிடைத்த மதிப்பு என்று பார்த்தால் நான்கில் இதையே முதலில் வைப்பேன்.

இந்த நான்குக்கு வெளியே இரண்டு நிறுவனங்களை மட்டும் குறிப்பிடாமல் விட முடியாது. நைக்கி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காத அமெரிக்க மாரத்தான் வீரர் மெப் கெஃப்லெசிகியை ஸ்கெச்சர்ஸ் எடுத்துக்கொண்டது. ஓட்டக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்த காலம் அது. பாஸ்டன் மாரத்தானில் நடந்த குண்டுவெடிப்புக்கு மறு ஆண்டு, 2014-ல், இறந்த நால்வரின் பெயர்களை மார்பு எண் தாளின் மூலைகளில் எழுதிக்கொண்டு, 39 வயதை நெருங்கிய மெப் பாஸ்டனை வென்றார். சிரிப்பு அன்றோடு நின்றது. எதிர்த்திசையில், 1990-களில் யாருடைய சிபாரிசும் இல்லாத ஷூ என்பதையே முழக்கமாக வைத்திருந்த நியூ பேலன்ஸ், இன்று தடை ஓட்ட வீராங்கனை சிட்னி மெக்லாஃப்லினை வைத்து விற்கிறது.

கடைசியாக அடிடாஸ் செய்த ஒரு செலவு இந்த ஒப்பீட்டையே கொஞ்சம் மாற்றிவிடுகிறது. 2024-ல் சிகாகோவில் நைக்கி ஷூவில் 2:09:56 ஓடிய கென்ய வீராங்கனை ரூத் செப்ங்கெடிச்சுக்கு 2025 அக்டோபரில் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக மூன்றாண்டுத் தடை வந்தது; வென்றவர் மீது சந்தேகம் விழுந்தால் ஷூவின் சாட்சியமும் சேர்ந்தே விழுகிறது. அந்த 2025-லேயே பெர்லின் மாரத்தானுக்கு முன், கென்யாவின் சபாஸ்தியன் சவே தன்னைக் கூடுதலாகப் பரிசோதிக்கும்படி தாமே கேட்டுக்கொள்ள, அதற்கான 50,000 டாலரை அடிடாஸ் ஊக்கமருந்துப் பரிசோதனைகளைக் கவனிக்கும் தடகள நேர்மைப் பிரிவுக்குக் கட்டியது. அவர் 2:02:16-ல் வென்ற செய்தியோடு அந்தப் பரிசோதனைகளும் பேசப்பட்டன. பெரிய நட்சத்திரத்தின் ஆண்டுத் தொகையோடு ஒப்பிட்டால் 50,000 டாலர் சில்லறைதான். மற்ற மூவரும் தங்கள் அடுத்த ஒப்பந்தங்களில் இதற்கு ஒரு வரி ஒதுக்குவார்களா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.