ஸ்மார்ட் பல்பா, சுவிட்சுக்குப் பின்னால் ரிலேயா?

வீட்டு விளக்கை போன் ஆப்பிலிருந்தே போட்டு அணைக்க வேண்டுமா? வாடகை வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்மார்ட் பல்பு போதும். ஹோல்டரில் மாட்டினால் வேலை முடிந்தது, காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம், நிறம் மாற்றும் வசதியும் இதில்தான். சிக்கல் சுவரில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மா பழக்கதோஷத்தில் சுவிட்சை அணைத்துவிடுவார், அப்புறம் ஆப்பில் எத்தனை முறை தட்டினாலும் பல்பு அசையாது. கரண்ட் போய் நள்ளிரவில் திரும்பும்போது முழு வெளிச்சத்தோடு எரிந்து தூக்கத்தைக் கெடுக்கும் பல்புகளும் உண்டு. பழைய நிலைக்கே திரும்பும்படி வைக்க முடியுமா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

ரிலே அப்படியில்லை. சுவிட்ச் போர்டுக்குள் ஒளிந்துகொள்ளும் சின்னப் பெட்டி. பழைய சுவிட்சும் வேலை செய்யும், ஆப்பும் வேலை செய்யும், வைஃபை போனாலும் சுவரில் தட்டினால் விளக்கு எரியும். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு போர்டிலேயே நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) வேண்டும். அப்புறம், 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதே என்று தண்ணீர் மோட்டாரை நேராக மாட்டிவிடாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும், ரிலேக்குள் கரண்டை இணைத்துப் பிரிக்கும் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. நடுவில் ஒரு காண்டாக்டர், அதாவது மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே, போடுங்கள். மெயினை அணைக்காமல் போர்டில் கை வைக்காதீர்கள்.

எங்கள் ஹாலில் ரிலேதான். படுக்கையறையில் மட்டும் ஒரு பல்பு, அம்மா அந்தப் பக்கம் வருவதில்லை.